நடைமுறைச் சான்று: சொல்லும் பொருளும்

ஒரு மருந்தின் பயனையும் தீங்கையும் தனிச் சோதனையில் அல்லாமல், அன்றாடச் சிகிச்சைப் பதிவுகளிலிருந்து அறிவதை ஆங்கிலத்தில் 'ரியல் வேர்ல்ட் எவிடன்ஸ்' என்கிறார்கள். இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'நிஜ உலகச் சான்று' என்று வரும். எனக்கு இதில் உடன்பாடில்லை. அப்படிச் சொன்னால், முறையாக நடத்திய மருந்துச் சோதனை ஏதோ பொய் உலகத்தில் நடந்தது போலாகிவிடும்.

சோதனைக்கும் இந்தச் சான்றுக்கும் உள்ள வேறுபாடு உண்மை, பொய் என்பதல்ல. சோதனையில் விதிப்படி ஆட்களைப் பொறுக்கி, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் புது மருந்து கொடுப்பார்கள். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசினை இப்படிச் சோதித்து 1948-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு இதற்கு முன்மாதிரி. ஆனால் ஒருவரை நினைத்துப் பாருங்கள்: வயது எழுபத்தெட்டு, சர்க்கரை நோய், சிறுநீரகமும் பழுது, நாளுக்கு ஆறு மாத்திரை, அதில் ஒன்றிரண்டு மறந்துபோகும். இப்படிப்பட்டவரைப் பெரும்பாலும் சோதனையில் சேர்ப்பதில்லை. மருந்தை மட்டும் நாளைக்கு அவருக்கும் எழுதித் தருவார்கள்.

அவருடைய மருத்துவமனைக் கோப்பு, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, காப்பீட்டுக் கோரிக்கை எல்லாம் சிகிச்சைக்காகவும் கணக்குக்காகவும் எழுதப்பட்டவை, ஆய்வுக்காக அல்ல. இவைதான் 'ரியல் வேர்ல்ட் டேட்டா'. இவற்றை ஆராய்ந்து, மருந்தின் பயனையோ தீங்கையோ பற்றி எட்டும் முடிவுதான் 'எவிடன்ஸ்'. இந்த இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதுதான் அடிக்கடி நேரும் பிழை.

'டேட்டா'வின் லத்தீன் மூலத்துக்குக் 'கொடுக்கப்பட்டவை' என்று பொருள். நம் 'தரவு' பிறந்ததும் 'தா' என்ற வேரிலிருந்துதான். (கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர்.) 'எவிடன்ஸ்' லத்தீனில் 'பார்' என்னும் வினைவழி வந்தது, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது. 'சான்று' அப்படியல்ல. அதன் வேர் 'சால்': நிறைதல், போதுமானதாதல். சான்றோர் என்பதும் அதே வேர்தான். இந்த இடத்துக்குத் தமிழ்ச் சொல்லே பொருத்தம் என்பேன், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது இங்கே போதாது.

ஒரு புது மருந்தை மருத்துவர்கள் நோய் முற்றியவர்களுக்கே கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். கோப்புகளைப் புரட்டினால், அதைச் சாப்பிட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்திருப்பார்கள். கொன்றது மருந்தா, முற்றிய நோயா? வயது, நோயின் தீவிரம், பிற மருந்துகள் எல்லாவற்றையும் ஈடுகட்டிக் கணக்கிட்ட பிறகே தரவு சான்றாகும். கோப்பில் எழுதாமல் விட்டதை இந்தக் கணக்கால் ஈடுகட்ட முடியாது.

சரி, நன்றாகச் செய்தால்? அமெரிக்காவில் 2016-இல் வந்த சட்டம், இத்தகைய சான்றை எப்படிப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும்படி மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பணித்தது. மார்பகப் புற்றுநோய்க்கான பால்போசைக்ளிப், பெண்களிடம் சோதிக்கப்பட்ட மருந்து. அந்த நோய் ஆண்களுக்கு அரிது. தனிச் சோதனைக்கு ஆள் சேர்ப்பது கடினம். எனவே மின்னணு மருத்துவப் பதிவுகளையும் காப்பீட்டுத் தரவையும் கொண்டு 2019-இல் ஆண்களுக்கும் அனுமதித்தார்கள். பொருத்திய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், 2021-இல் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கும் அனுமதி பெற்றபோது, துணைநின்றது உறுப்பு மாற்றுப் பதிவேடு.

ஆகவே என் பரிந்துரை நடைமுறைத் தரவு, நடைமுறைச் சான்று. 'நடைமுறை' என்றால் செயல்முறை விதி என்றும் பொருள்படுமே என்று கேட்கலாம். படும்தான், ஆனால் "நடைமுறையில் எப்படி?" என்று நாம் அன்றாடம் கேட்பது இந்தப் பொருளில்தானே. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "இம்மருந்தின் பக்கவிளைவு பற்றி நடைமுறைத் தரவு ஏராளம்; நடைமுறைச் சான்று இன்னும் இல்லை."