பழைய பிக்கப்புக்குச் செக்கர் தகடு: பட்டறைக்கு முன்னால் ஆர்சி புத்தகம்

தொட்டித் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்த பழைய பிக்கப்பை மீட்க, அதன் மேல் செக்கர் தகடு, அதாவது கால் வழுக்காதபடி மேடுகள் பொறித்த உலோகத் தகடு, அடிப்பதைவிட எளிதான வழி இல்லை. கேன் இழுத்தாலும் கல் கொட்டினாலும் தாங்கும். மழையில் கால் வழுக்காது. ஆனால் தகடு அடித்துப் பெயின்ட் காய்வதற்குள் எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போய், "மாற்றம் செய்திருக்கிறீர்கள்" என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பப்பட்டு, அதே பட்டறையில் கூலி கொடுத்து அதே தகட்டை அறுத்தெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் எவரும் சட்டத்தை ஏய்க்க நினைத்தவர்கள் அல்லர். பாலும் செங்கல்லும் ஏற்றிப் பிழைப்பவர்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களோடு முரண்படும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படைத் தன்மையையே வேறாக்கும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் "மாற்றம்" என்று அதே பிரிவு விளக்குகிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாக உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். வெல்டிங் வைத்த பட்டறைக்காரர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

இருக்கிற தரையின் மேல் போல்ட் போட்டு விரித்த தகடு, என் வாசிப்பில், அடிப்படைத் தன்மையை மாற்றுவதில்லை. சிக்கல் எடையில் இருக்கிறது. ஆர்சியில் குறித்துள்ள வெற்று எடையைவிட வண்டியின் வெற்று எடை கூடினால், அதைப் பொது இடத்தில் ஓட்டுவதே 113-ஆம் பிரிவின்படி குற்றம். 8 அடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் உள்ள தொட்டியின் தரை ஏறத்தாழ 4 சதுர மீட்டர். 3 மில்லிமீட்டர் இரும்புச் செக்கர் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ என்றால், தரைக்கு மட்டுமே 100 கிலோ ஏறிவிடுகிறது. பக்கச் சுவர்களுக்கும் பின்கதவுக்கும் அதே தகட்டை அடித்தால் இன்னும் 75 கிலோ வரை போகும். மொத்த எடை வரம்பு மாறாததால், கூடிய ஒவ்வொரு கிலோவும் நீங்கள் ஏற்றக்கூடிய சரக்கிலிருந்துதான் கழியும். வழக்கமான லோடைத்தான் ஏற்றினேன் என்று எடைமேடையில் வாதாடிப் பயனில்லை. மிகைபாரத்துக்குச் சட்டம் சொல்லும் தொகை 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

ஆகவே பட்டறைக்குப் போகும் முன் காலி வண்டியை எடைமேடையில் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் இன்னொரு சீட்டு வாங்குங்கள். பழைய வண்டியில் முன்னமே யாராவது கூடுதல் பட்டையும் கம்பியும் வைத்திருப்பார்கள், அந்தப் பழி உங்கள் தலையில் விழ வேண்டாம். எடை இடிக்கிறது என்றால் அலுமினியத் தகடு இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், விலை கூடுதல். அலுமினியம் வெறும் இரும்பைத் தொட்டால் ஈரத்தில் அரிக்கும் என்பதால் இடையில் ரப்பர் விரிப்பு அவசியம்.

தரையைத் தாண்டிப் போகும்போதுதான் ஆபத்து முற்றுகிறது. பக்கச் சுவரைத் தகடு வைத்து உயர்த்துவது, தொட்டியைப் பின்னால் நீட்டுவது, மேலே கூண்டு கட்டுவது ஆகியவற்றை யார் பார்த்தாலும் மாற்றம் என்றுதான் எழுதுவார்கள். முன்னால் தகட்டில் பம்பர் செய்து மாட்டுவதும் வேண்டாம். இத்தகைய தடுப்புக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சேஸ் எண் பொறித்த இடத்தை மட்டும் மறைத்துவிடாதீர்கள். அந்த இடம் வண்டிக்கு வண்டி வேறுபடும். பட்டறைப் பையன் அழகாக ஒரு தகட்டை மடித்து அதன் மேல் பற்றவைத்துவிட்டால், பென்சில் பிரிண்ட் (எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் படி) எடுக்க வழியில்லாமல் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) உங்களைத் திருட்டு வண்டிக்காரரைப் போலப் பார்ப்பார்.

உண்மையான அலைச்சல் ஆர்டிஓ அலுவலகக் கவுன்டரில் தொடங்குகிறது. மாற்றத்துக்கான விண்ணப்பம் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் போக வேண்டும். ஓடிபி ஆர்சியில் பதிவான கைபேசி எண்ணுக்குத்தான் வரும். பழைய பிக்கப்பில் அந்த எண் பெரும்பாலும் முந்தைய உரிமையாளருடையது, அல்லது எப்போதோ விற்றுக் கொடுத்த புரோக்கருடையது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர், சட்டத்தின் பார்வையில் உரிமையாளரே அல்லர்; அவர் விண்ணப்பிக்கவே முடியாது. அடுத்த கண்ணி கடன். தவணை முழுவதும் கட்டி முடித்திருப்பீர்கள். ஆனால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் ஆர்சியில் இன்னும் இருக்கும். படிவம் 35-இல் அவர்கள் கையொப்பம் வாங்கி அந்தப் பெயரை நீக்கியாக வேண்டும். கிளையை மூடிவிட்டுப் போன நிறுவனத்தைத் தேடுவது தனி வேலை. வரி, பசுமை வரி, அபராதச் சலான் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. இவற்றை ஒரே நாளில் ஒரே தாளில் சொல்லிவிடலாம். சொல்ல மாட்டார்கள், ஒவ்வொரு முறை போகும்போதும் ஒன்று சொல்வார்கள்.

இவற்றில் கொடுமையானது எஃப்சி சுழல். எஃப்சி காலாவதியான வண்டிக்கு மாற்றத்தைப் பதிய முடியாது என்று ஒரு மேசை சொல்லும். மாற்றத்தைப் பதியாத வண்டிக்கு எஃப்சி கிடையாது என்று அடுத்த மேசை சொல்லும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்சி உண்டு என்பதால், அது முடிய இரண்டு மாதமாவது இருக்கும்போதே மாற்ற வேலையைத் தொடங்குங்கள். அனுமதி பெறாமல் செய்து முடித்துவிட்டவர்களுக்கு 52-ஆம் பிரிவு ஒரு கடமை வைத்திருக்கிறது: 14 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து, ஆர்சியையும் கட்டணத்தையும் ஒப்படைக்க வேண்டும். தெரிவித்ததாலேயே தவறு சரியாகிவிடாது என்றாலும், சாலையில் பிடிபட்ட பிறகு சொல்வதைவிட அது மேல்.

வாய்மொழியாக மறுத்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், உங்கள் கடிதத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள். 52-ஆம் பிரிவில் பிறப்பித்த உத்தரவை எதிர்த்து, அது கையில் கிடைத்த 30 நாளுக்குள் 57-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். ஆனால் எழுத்தில் உத்தரவு இல்லையென்றால் எதை எதிர்த்து முறையிடுவீர்கள்? முத்திரையிட்ட கடிதத்துக்கும் பதில் வராவிட்டால், அந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். கேட்கும்போது முதல் எடைச் சீட்டின் நகலை மட்டும் இணையுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும்.