ரெண்டு கிட்னி இருக்கே, ஒண்ணு குடுத்தா என்ன?

டயாலிசிஸ் யூனிட் வாசல்ல உக்காந்திருக்கற குடும்பத்துல யாராவது ஒருத்தர் இதக் கேட்டே தீருவாங்க, ஆனா கேக்கறவர் பெரும்பாலும் குடுக்கப்போறவரா இருக்கமாட்டார். கிட்னி மாத்து ஆபரேஷனுக்கு வர்ற குடும்பங்களுக்கு கவுன்சிலிங் குடுக்கறது என் வேலை. அண்ணனுக்குக் குடுக்கச் சொல்லி தங்கச்சிய, மகனுக்குக் குடுக்கச் சொல்லி அம்மாவ எப்படிப் பேசிப்பேசி உக்கார வைக்கறாங்கன்னு பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.

இந்தக் கேள்விக்குப் பின்னாடி பயன்வாதம்னு ஒரு பெரிய தத்துவமே இருக்குங்க. மொத்தத்துல எதால நன்மை அதிகமோ அதுதான் சரி, அந்தக் கணக்குல உங்க உசுருக்கும் முன்னப்பின்ன தெரியாதவன் உசுருக்கும் ஒரே வெயிட்டுதான். 1971ல கிழக்கு வங்காளத்துல இருந்து லட்சக்கணக்கான அகதிங்க இந்தியாவுக்குள்ள வந்தப்ப பீட்டர் சிங்கர்ங்கற தத்துவவாதி எழுதின கட்டுரை ரொம்ப ஃபேமஸ், குளத்துல மூழ்கற குழந்தையத் தூக்கறப்ப சட்டை நனையுமேன்னு யோசிப்பியா, அப்ப தூரத்துல பட்டினி கிடக்கறவங்களுக்குக் காசு அனுப்பறதும் கடமைதான், தானம்னு பேர் வெச்சு தப்பிக்காதன்னார். அமெரிக்கால ஸெல் கிராவின்ஸ்கின்னு ஒருத்தர் இத அப்படியே வாழ்ந்து பாத்தார். ரியல் எஸ்டேட்ல சம்பாதிச்ச கோடிகள்ல பெரும்பகுதிய குடுத்துட்டு, 2003ல யாருன்னே தெரியாத ஒருத்தருக்கு கிட்னியும் குடுத்தார், அதுவும் மனைவி வேண்டாம்னு சொன்னப்புறம். சாகற ரிஸ்க் 4000ல ஒண்ணுதான், குடுக்கமாட்டேன்னா என் உசுர வாங்கறவர் உசுரவிட 4000 மடங்கு ஒசத்தியா நெனக்கறேன்னு அர்த்தம், இதுதான் அவர் லாஜிக்.

கணக்குல பெரிய தப்பு சொல்லமுடியாது. அமெரிக்க டேட்டாவுல குடுத்தவங்கள்ல 90 நாளுக்குள்ள இறந்தவங்க 10,000 பேருக்கு 3 பேர்தான். ஆனா 2014ல வந்த ஆய்வுல, வாழ்நாள்ல கிட்னி ஃபெயிலியர் வர்ற சான்ஸ் குடுத்தவங்களுக்கு 10,000க்கு 90, அதே அளவு ஆரோக்கியமா இருந்தும் குடுக்காதவங்களுக்கு 14ன்னு வந்துச்சு. கம்மிதான், இல்லன்னு சொல்லல, ஆனா இத யாரும் வாசல்ல உக்காந்து சொல்றதில்ல.

எனக்கு உறுத்தறது நம்பர் இல்லங்க. கிராவின்ஸ்கி அந்தக் கணக்க தனக்குத்தானே போட்டுக்கிட்டார், நம்ம வீட்ல அத இன்னொருத்தர் தலையில போடறாங்க, பெரும்பாலும் ஒரு பொம்பளை தலையில. நம்ம நாட்ல உயிரோட இருந்து கிட்னி குடுக்கறவங்கள்ல பெண்கள்தான் அதிகம், வாங்கறவங்கள்ல ஆண்கள் அதிகம். உறுப்பு மாற்று சட்டத்தோட 2014 விதிகள்லயே, குடுக்கறது பெண்ணா இருந்தா கூடுதல் ஜாக்கிரதை வேணும், அவங்க சம்மதத்த வாங்கறவர் அல்லாத வேற ஒருத்தர் உறுதி பண்ணணும்னு எழுதியிருக்கு, சும்மாவா எழுதுவாங்க? குடுத்தா கும்புடலாம், குடுக்கலன்னா கொலகாரின்னு பாக்க யாருக்கும் உரிமை இல்ல, இந்த ரெண்டையும் ஒண்ணாக்கற எடத்துலதான் அந்தத் தத்துவம் சாதாரண மனுஷன்கிட்ட அளவுக்கு மீறிக் கேக்குதுன்னு நான் சொல்வேன்.

ஆனா, 'ரொம்ப அதிகமா கேக்குது'ங்கறத எல்லாத்துக்கும் சாக்கா வெச்சுக்கறதும் சரியில்ல. மூளைச்சாவுக்கு அப்புறம் உறுப்பு குடுக்கறதுல இறந்தவருக்கு என்ன நஷ்டம்? 2023 செப்டம்பர்ல இருந்து இப்படி தானம் பண்ணினவங்களுக்கு தமிழ்நாட்ல அரசு மரியாதை குடுக்கறாங்க. அப்பவும் உசுரோட இருக்கற அம்மாகிட்ட தைரியமா கேக்கற அதே குடும்பம் இதப்பத்திப் பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிடுது.

குடுக்கப்போறவங்க கவனத்துக்கு: உங்கள மட்டும் தனியா வெச்சுப் பேசச்சொல்லிக் கேளுங்க, வீட்ல யாரும் கூட இருக்கவேணாம். ஆபரேஷன் தியேட்டருக்குப் போற நிமிஷம் வரைக்கும் வேணாம்னு சொல்லலாம், அந்தக் காரணத்த நாங்க வெளிய சொல்லமாட்டோம். குடுத்தவங்க வருஷா வருஷம் பிபி, கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்), யூரின்ல புரோட்டீன் செக் பண்ணிக்கணும், அந்தச் செலவு யாரோடதுன்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே வீட்ல பேசி வெச்சுக்கோங்க.