பெரிய 4கே மானிட்டரில் கேம் ஆட எதைக் குறைக்க வேண்டும்?

32 அங்குல 4கே மானிட்டரில் 3840 × 2160 பிக்சல்கள், அதாவது ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. முழு எச்டி திரையைவிட இது சரியாக நான்கு மடங்கு. கேம் நொடிக்கு 60 பிரேம் (அதாவது 60 தனித்தனிப் படங்கள்) ஓட வேண்டுமானால், இத்தனை பிக்சல்களுக்கும் நிறத்தைக் கணக்கிட்டு முடிக்க கிராபிக்ஸ் கார்டுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடிதான். ஓட்டம் திணறியதும் பலர் எல்லா அமைப்புகளையும் ஒரேயடியாக 'அல்ட்ரா'விலிருந்து 'மீடியம்' நிலைக்கு இறக்கிவிடுகிறார்கள். பெரிய திரை எதற்காக வாங்கப்பட்டதோ, அந்த அழகையே இது பறித்துவிடுகிறது.

ஒவ்வோர் அமைப்பின் சுமையும் எதனால் கூடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீரில் தெரியும் பிம்பங்கள், ஒளிக்கதிர்கள் செல்லும் வழியைக் கணக்கிடும் ரே டிரேசிங் போன்றவை பிக்சல்தோறும் கணக்கிடப்படுபவை. பிக்சல் பெருகினால் இவற்றின் சுமையும் பெருகும். சைபர்பங்க் 2077 விளையாட்டில் 2023-இல் ரே டிரேசிங்கின் மிகக் கனமான வடிவமான பாத் டிரேசிங் வந்தபோது, அதை முழு 4கே-யில் நேரடியாக ஓட்டினால் அன்றைய உச்ச கார்டான ஆர்டிஎக்ஸ் 4090 கூட நொடிக்கு 30 பிரேமை எட்டவில்லை. நிழலையும் ஒரு படி தாராளமாக இறக்கலாம். பெரும்பாலான கேம்களில் அல்ட்ரா நிழலுக்கும் ஹை நிழலுக்கும் உள்ள வேறுபாடு, ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தேடினால்தான் தெரியும்.

டெக்ஸ்ச்சரில் மட்டும் கை வைக்கக் கூடாது. சுவர், துணி, தோல் ஆகியவற்றின் மேல் ஒட்டப்படும் இந்தப் படங்கள் ஒவ்வொன்றும் பல அளவுகளில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தப் பரப்பு திரையில் எத்தனை பிக்சல்களை அடைக்கிறது என்று பார்த்து, கார்டு பொருத்தமான அளவை எடுத்துக்கொள்ளும். சிறிய திரையில் பயன்படாமலே கிடந்த மிகப் பெரிய படங்கள் 4கே-யில்தான் அடிக்கடி வேலைக்கு வருகின்றன. கார்டின் நினைவகத்தில் இடமிருக்கும்வரை இதனால் வேகம் அநேகமாகக் குறையாது. இடம் நிரம்பிவிட்டால் கதை வேறு: தரவு கணினியின் பொது நினைவகத்திலிருந்து மெதுவாக வர வேண்டியிருக்கும், ஆட்டம் வெட்டி வெட்டி நிற்கும். அப்போது மட்டும் ஒரு படி இறக்கினால் போதும்.

உண்மையில் முதலில் குறைக்க வேண்டியது, கேம் உள்ளுக்குள் வரையும் பிக்சல்களின் எண்ணிக்கையை. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் ஆகியவை இதற்காகவே வந்தவை: குறைந்த பிக்சல்களில் வரைந்த படத்தை 4கே அளவுக்கு உயர்த்திக் காட்டுபவை. டிஎல்எஸ்எஸ்ஸில் 'குவாலிட்டி' நிலையைத் தேர்ந்தெடுத்தால் 4கே திரைக்காக கேம் வரைவது 2560 × 1440 பிக்சல்களை மட்டுமே, பாதிக்கும் குறைவு. மீதி எங்கிருந்து வருகிறது? கேமரா ஒவ்வொரு பிரேமிலும் ஒரு பிக்சலுக்கும் குறைவான தூரம் நகர்த்தப்படுகிறது. அதனால் அடுத்தடுத்த பிரேம்கள் காட்சியின் சற்றே வெவ்வேறு இடங்களைத் தொடுகின்றன. எந்தப் பொருள் எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற விவரத்தை கேம் கொடுக்க, பழைய பிரேம்களின் தகவல் சரியான இடத்தில் வந்து சேர்கிறது. கற்பனையால் நிரப்புவதைவிட, காலத்தில் சிதறிக் கிடந்த உண்மையான தகவலைத் திரட்டுவதே இதில் பெரும்பகுதி. என்னைக் கேட்டால், கடந்த பத்தாண்டுகளில் கேம் கிராபிக்ஸில் நிகழ்ந்த மிக அருமையான வேலை இதுதான். திடீரென வெளிப்படும் பொருளுக்குப் பழைய தகவல் இருக்காது என்பதால், வேகமாக அசையும் கம்பிகளிலும் இலைகளிலும் சில சமயம் ஒரு மங்கல் தெரியும்.

இதற்குப் பதிலாக விண்டோஸிலேயே திரையின் ரெசல்யூஷனைக் குறைப்பது தவறு. அப்படிச் செய்தால் கேம் திரையில் காட்டும் வரைபடம், எழுத்து, எண் எல்லாமே மங்கும். வெளியீடு 4கே-யிலேயே இருக்கட்டும், உள்ளே வரைவது மட்டும் குறையட்டும்.

உட்காரும் தூரமும் கணக்கில் வரும். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். 32 அங்குல 4கே திரையில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 0.18 மி.மீ. அறுபது சொச்சம் சென்டிமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் தனிப் பிக்சல் கண்ணுக்குப் பிடிபடாது. ஆகவே, விளிம்பின் படிக்கட்டுகளை மழுப்பும் எம்எஸ்ஏஏ போன்ற கனமான அமைப்புக்கு இங்கே வேலை குறைவு.

உள் பிக்சல்களைக் குறைத்தும் பிரேம் எண்ணிக்கை ஏறவில்லையா? அப்படியென்றால் தடை பெரும்பாலும் பிராசசரில் இருக்கிறது. தெருவில் நடமாடும் கூட்டத்தின் அடர்த்தியையும் தொலைவுக் காட்சியின் அளவையும் இறக்கிப் பாருங்கள்.