ஸ்கிளெரோடெர்மா: தடிப்பா, இறுக்கமா?

மார்கழியில் கோத்தகிரிப் பக்கம் யாரைக் கேட்டாலும் 'கை விறைச்சுப் போச்சு' என்பார்கள். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தொட்டால் யாருக்குத்தான் விறைக்காது? அதனாலேயே தோலை இறுக்கும் ஸ்கிளெரோடெர்மா நோயின் முதல் அறிகுறி மலையில் எளிதாகக் கண்ணில் படாமல் போகிறது. விரல் நுனி சுண்ணாம்பாக வெளுத்து, நீலம் பாய்ந்து, அப்புறம் சிவந்தால் அது ரேனாட் நிகழ்வு. 1862இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மொரிஸ் ரேனாடின் பெயர். பெரும்பாலானோருக்கு அதோடு சரி. விரல் தோலும் இறுகி மோதிரம் கழலவில்லை என்றால் ஸ்கிளெரோடெர்மாவா என்று பார்க்க வேண்டும்.

கிரேக்கத்தில் 'ஸ்கிளெரோஸ்' என்றால் கடினம், 'டெர்மா' என்றால் தோல். 1753இல் நேப்பிள்ஸ் மருத்துவர் கார்லோ குர்சியோ மரக்கட்டைபோல் தோல் இறுகிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். நோய்க்கு இந்தப் பெயர் வந்தது அடுத்த நூற்றாண்டில்.

தமிழில் 'தோல் தடிப்பு' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. தடிப்பு என்றால் நம் ஊரில் பூச்சி கடித்தோ ஒவ்வாமையிலோ எழும்புவது, சாயங்காலத்துக்குள் அமுங்கிவிடும். இது அமுங்காது. நோயெதிர்ப்பு தடம் மாறி, கொலாஜன் என்ற நார்ப்புரதம் மிதமிஞ்சிச் சேர்வதால் தோலைக் கிள்ளி எடுக்கவே முடியாமல் போகும். 'தோல் இறுக்க நோய்' பொருந்தும். தோலோடு நிற்கும் வகைக்கு மட்டும்தான் அதுவும். நுரையீரல், சிறுநீரகம், உணவுக்குழாய் என்று உள்ளே போகும் வகையை மருத்துவர்கள் சிஸ்டமிக் ஸ்கிளெரோசிஸ் என்கிறார்கள்; 'உள்ளுறுப்பு இறுக்க நோய்' எனலாம்.

தோல் என்ற பெயரை நம்பிக் களிம்பு தேடுகிறவர்களைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது. நோயை முழுதாகப் போக்கும் மருந்து இன்னும் இல்லை. எந்த உறுப்பு பாதிக்கப்பட்டதோ அதற்கேற்ற மருந்துதான். ரேனாடுக்குக் கையுறையும், ரத்தக்குழாயை விரிக்கும் நிஃபெடிபினும். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல். நுரையீரலுக்கு நோயெதிர்ப்பை அடக்கும் மைக்கோஃபினோலேட், 2019இல் அமெரிக்காவில் இதற்கென அனுமதி பெற்ற நின்டெடானிபும் உண்டு. இறுகும் விரல்களுக்கு இயன்முறைப் பயிற்சி. ரத்த அழுத்தம் திடீரென ஏறினால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கலாம்; ஒருகாலத்தில் உயிரையே பறித்த அந்த நெருக்கடியை கேப்டோப்ரில் வகை மாத்திரைகள்தான் மாற்றின. அதிக அளவு ஸ்டீராய்டு அதே நெருக்கடியை வரவழைக்கக்கூடும். மூட்டு வலிக்கு என்று மருந்துக்கடையில் ஸ்டீராய்டைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் முதலில் ருமட்டாலஜி (மூட்டு, இணைப்புத்திசு நோய்) மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.