குழந்தையின் நாற்காலிக்கு ஒற்றைப் பலகையே போதும்

சேரன்மகாதேவியை அடுத்த எங்கள் தச்சுப் பட்டறைக்குக் குழந்தை நாற்காலி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கால்களின் கடைசலைப் பற்றியும், சாய்மானத்தில் செதுக்க வேண்டிய மயிலைப் பற்றியுமே நெடுநேரம் பேசுவார்கள். குழந்தை உட்காரப்போகும் இடத்தைப் பற்றிக் கேட்டால், “மெத்தை வச்சிருங்க அண்ணாச்சி” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் மெத்தை வைப்பதில்லை. பாலும் சோறும் சிறுநீரும் அதற்குள் இறங்கிவிட்டால் கழுவி எடுக்க வழியில்லை. நம் ஊர் வெயிலில் ரெக்சின் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். அடியில் அடித்த பின்கள் நாளடைவில் கழன்று விழும்.

பனைநார்க் கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள் நாரால் பின்னித் தரும்படி கேட்பதுண்டு. கட்டிலுக்கு அதைவிடக் குளிர்ச்சியானது வேறில்லை என்பதே என் எண்ணமும். ஆனால் மூன்று வயதுக் குழந்தை நாற்காலியில் உட்காரும் நேரத்தைவிட அதன் மேல் ஏறி நிற்கும் நேரமே அதிகம். குதிகாலின் பாரம் ஒரே இடத்தில் இறங்கும்போது பின்னல் தொய்ந்து கண் விடும். அந்த இடைவெளியில் விரல் நுழையும். பத்தமடைப் பாயைப் பதித்துத் தரச் சொல்வோரிடமும் இதையே சொல்கிறேன்: விளிம்பில் மடித்து ஆணி அடித்தால் அந்த மடிப்பிலேயே கோரை ஒடிந்து முனை நீட்டும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கானால் நாரை நெருக்கிப் பின்னித் தருவேன்.

ஆகவே எஞ்சுவது பலகை. எளிமையானது என்பதால் அதில் கவனக்குறைவுக்கு இடமில்லை. பல ஆண்டுகளுக்கு முன், என் தங்கை மகளுக்காக ஒரு கார்த்திகை மாதத்தில் வாகைப் பலகையைச் சட்டத்தின் நான்கு பக்கமும் பசையிட்டு, ஆணியும் அடித்து இறுக்கிக் கொடுத்தேன். சித்திரையில் பலகையின் நடுவே வெடிப்பு ஓடியது. குழந்தை உட்காரும்போது அந்த வெடிப்பு சற்றே விரியும், எழும்போது மூடும். மூடுகையில் தொடைச் சதையைக் கவ்வியது. அந்தச் சிவந்த கோட்டைப் பார்த்த பிறகு எந்தப் பலகையையும் நான் நான்கு பக்கமும் இறுக்கியதில்லை.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதேயில்லை. அகலவாக்கில் மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும். 30 செ.மீ. அகலமுள்ள தேக்குப் பலகையே ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் இடையில் 2 மி.மீ. வரை மாறக்கூடும். அதைத் தடுத்தால் மரம் வெடித்துத்தான் வழி தேடும். எனவே மரத்தின் நீளவாக்கில் ஓடும் ரேகை இடமிருந்து வலமாக அமையும்படி பலகையை வைத்து, பின்சட்டத்தில் மட்டும் இரண்டு திருகாணிகளை இறுக்கமாக ஏற்றுகிறேன்; முன்பக்கத் திருகாணிகளுக்கு, சட்டத்தில் முன்பின்னாக நீண்ட துளையிட்டு, வாஷர் கொடுத்து, பலகை நகர இடம் விடுகிறேன். ரேகையை இப்படி வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: தொடை உரசும் முன்விளிம்பில் மரத்தின் வெட்டுமுனை வராது, ஆதலால் அதை இழைப்புளியால் நன்றாக உருட்டி, சிலாம்பு இல்லாமல் முடிக்க முடிகிறது.

பலகை 18 முதல் 20 மி.மீ. கனம் இருந்தால் போதும். நன்கு காய்ந்த தேக்கு, வேம்பு, பூவரசு எதுவும் ஆகும். மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியைக் கழித்துவிட்டு, உள்ளிருக்கும் கெட்டியான வைரத்தை மட்டும் எடுக்க வேண்டும், ஏனெனில் உளுப்பது முதலில் வெள்ளைதான். நடுவே 5 மி.மீ. ஆழத்துக்கு மேல் குடைய வேண்டாம். குழந்தை ஓரிடத்தில் அசையாமல் இருக்காது, ஆழமான குழிவு அதன் இடுப்பை ஒரே நிலையில் பிடித்துவைக்கும். உயரத்துக்கு ஐரோப்பியப் பள்ளி நாற்காலிகளின் அளவையே பின்பற்றுகிறேன்: 93 முதல் 116 செ.மீ. வரை உயரமுள்ள குழந்தைக்கு இருக்கை தரையிலிருந்து 26 செ.மீ. முழங்காலின் பின்புறத்துக்கும் பலகையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும்.

பூச்சில் கண்டிப்பாக இருங்கள். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. மிச்சம் கிடக்கும் பழைய டப்பாவைத் திறக்கவே வேண்டாம். நான் பூசுவது காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும்தான். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் காற்றுபட்டுச் சூடேறித் தானாகவே தீப்பற்றும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

நாற்காலியைக் கொடுக்கும்போது குழந்தையை உட்காரவைத்து, குதிகால் தரையில் முழுதாகப் பதிகிறதா என்று பார்க்கிறேன். பிறகு அதைக் கவிழ்த்து அந்த நீண்ட துளைகளைப் பெற்றோரிடம் காட்டி, திருகாணி ஆடுகிறது என்று எண்ணி யாரும் அங்கே பசை ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.