ராத்திரிப் படுக்கையும் பகல் நேரத் தண்ணீர் பாட்டிலும்

அந்தப் பையனுக்கு ஒன்பது வயது. அம்மா பேசி முடிக்கும்வரை தலை நிமிரவே இல்லை. "தினமும் நனைச்சிடறான் டாக்டர். எட்டு மணிக்கு மேல ஒரு வாய் தண்ணி தர்றதில்ல. பன்னெண்டு மணிக்கு எழுப்பி பாத்ரூம் கூட்டிட்டுப் போறேன். அப்பவும் விடிஞ்சா ஈரம்தான்."

பள்ளி விட்டு நேராக வந்திருந்தார்கள். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கச் சொன்னேன். முக்கால் பாட்டில் அப்படியே இருந்தது.

"ஸ்கூல்ல எத்தனை தடவை ஒன்னுக்குப் போவ?"

"போறதில்ல."

"ஏன்?"

"அங்க கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல."

அம்மாவுக்கு இது புதுச் செய்தி. எனக்குப் பழகிய பதில். இரவைப் பற்றிச் சொல்ல வரும் பெற்றோரிடம் நான் முதலில் விசாரிப்பது பகலைத்தான். காலையிலிருந்து சரியாகக் குடிக்காத பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் சேர்த்துவைத்துக் குடிக்கும். அந்தத் தண்ணீர் ராத்திரியில்தான் இறங்கும். நாள் முழுக்க அடக்கியே பழகினால், மூத்திரப்பை நிரம்பும்போது வரும் உணர்வைக் கண்டுகொள்ளாமல் இருக்கவும் பழகிவிடும்.

அடுத்தது மலச்சிக்கல். "அதெல்லாம் தினமும் போறான்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். தினமும் போனாலும் முழுதாகப் போகாமல் இருக்கலாம். கெட்டியாக, உருண்டை உருண்டையாகப் போகிறதா, உள்ளாடையில் லேசாகக் கறை படிகிறதா என்று பாருங்கள். மலக்குடல் மூத்திரப்பைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அங்கே மலம் தேங்கினால் பையை அழுத்தும். அது கொள்ளும் அளவு குறையும். மலச்சிக்கலைச் சரிசெய்ததுமே ஈர இரவுகள் குறைந்த பிள்ளைகள் உண்டு.

மற்றபடி, இது உடம்பின் வளர்ச்சியில் ஏற்படும் தாமதம். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோபிரசின் ஹார்மோன் சிலருக்குப் போதுமான அளவு சுரப்பதில்லை. பை நிரம்பியதும் தூக்கத்திலிருந்து எழுப்பும் சமிக்ஞையும் மூளையை எட்டுவதில்லை. ஐந்து வயதில் நூற்றுக்கு 15 பிள்ளைகளுக்கும், பத்து வயதில் சுமார் 5 பேருக்கும் இது இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்துக்கு நாலுக்கும் மேல். இருவருக்கும் இருந்திருந்தால் ஏழுக்கும் மேல். இதை நான் சொன்னபோது பையனின் அப்பா தொண்டையைச் செருமினார். "எனக்கும் பதினோரு வயசு வரைக்கும் இருந்துச்சு." அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. பையன் மட்டும் அன்று முதல்தடவையாகத் தலை நிமிர்ந்தான்.

அடிப்பது, தம்பி தங்கை முன்னால் கேலி செய்வது எதுவும் வேலைக்கு ஆகாது. தூக்கத்தில் நடப்பதை யாராலும் அடக்க முடியாது. நனையாத இரவுக்குப் பரிசு தருவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையின் கையில் இல்லாத ஒன்றுக்கு எப்படிப் பரிசு தருவது? படுக்கும்முன் பாத்ரூம் போனதற்கும், பாட்டிலைக் காலி செய்ததற்கும் தாருங்கள். நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போவது அன்றைய விரிப்பைக் காப்பாற்றும், அவ்வளவுதான்.

தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டியவை சில உண்டு. ஆறு மாதமோ அதற்கு மேலோ நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென மறுபடி ஆரம்பித்தால் சிறுநீர்த் தொற்றும் இருக்கலாம், மனதை அலைக்கழிக்கும் ஏதாவதும் இருக்கலாம். கூடவே அடங்காத தாகமும் எடைக் குறைவும் சேர்ந்தால் அது டைப் 1 சர்க்கரை நோயாக இருக்கக்கூடும்; அன்றே காட்டுங்கள். எரிச்சல், பகலிலும் சொட்டுவது, சிறுநீர் மெலிதாகப் போவது, பலத்த குறட்டை ஆகியவற்றையும் சொல்ல மறக்காதீர்கள்.

பகல் பழக்கங்களைச் சரிசெய்தும் நிற்கவில்லையா? அலாரம் இருக்கிறது. உள்ளாடையில் ஈரம் பட்டதும் ஒலிக்கும் சின்னக் கருவி. முதல் சில வாரங்கள் அலாரம் கேட்டு வீடே எழுந்துகொள்ளும், பிள்ளை மட்டும் தூங்கும். நீங்கள்தான் எழுப்பவேண்டும், ஆனால் அலாரத்தை அணைப்பதும் பாத்ரூமுக்கு நடப்பதும் பிள்ளையின் வேலை. 14 இரவு தொடர்ந்து நனையாமல் இருக்கும்வரை விடக்கூடாது; இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். சரியாகச் செய்தால் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குப் பலன் தெரியும். வீட்டில் கைக்குழந்தை இருந்து நீங்களே தூக்கமில்லாமல் தவித்தால், இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மாத்திரை வேகமாக வேலை செய்யும். பள்ளிச் சுற்றுலா, உறவினர் வீடு போன்ற நேரங்களுக்கு நல்ல துணை. நிறுத்தினால் பலருக்குத் திரும்பிவிடும். இதைப் போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, போட்டபின் எட்டு மணி நேரம்வரை தண்ணீரைக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். டாக்டர் எழுதித் தராமல் கொடுக்காதீர்கள்.

அந்தப் பையனுக்கு நான் மருந்து எதுவும் எழுதவில்லை. தண்ணீரில் பெரும்பகுதியைச் சாயங்காலத்துக்குள் குடிக்கவேண்டும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதடவை பாத்ரூம் போகவேண்டும், அவ்வளவுதான். வகுப்பு ஆசிரியருக்கு ஒரு கடிதமும் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வந்தபோது, வாரத்தில் ஏழு நாளாக இருந்தது நாலாகியிருந்தது. கேட்காமலே பாட்டிலை எடுத்துக் காட்டினான். காலி.

"தாழ்ப்பாள் போட்டுட்டாங்களா?"

"இல்ல. என் ஃப்ரெண்டு வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்குவான். அப்புறம் அவனுக்கு நான் பிடிப்பேன்."