ஹைப்பர்டென்ஷனில் இருக்கும் டென்ஷன் எது?

"இப்போது எனக்கு டென்ஷனே இல்லை டாக்டர், அதனால்தான் மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று சொல்லும் இரத்த அழுத்த நோயாளிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். சீட்டில் எழுதியிருக்கும் ஹைப்பர்டென்ஷன் என்ற சொல்லை, அளவுக்கு மீறிய மன உளைச்சல் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்ப் பேச்சில் டென்ஷன் என்றாலே பதற்றம் என்று ஆகிவிட்டதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அச்சொல்லின் வேர், 'இழுத்து நீட்டு' என்று பொருள்படும் 'டென்டெரே' என்ற லத்தீன் வினை. நீட்டுவதைக் குறிக்கும் எக்ஸ்டென்ட் என்ற சொல்லும் அதிலிருந்து பிறந்ததே. ஹைப்பர் என்ற கிரேக்க முன்னொட்டுக்கு மேல், மிகுதி என்று பொருள். ஆக, இங்கே மிகுதியாக இழுபட்டு விறைப்பது மனம் அன்று, இரத்தக் குழாயின் சுவர். மன உளைச்சல் அழுத்தத்தைச் சற்று நேரம் ஏற்றக்கூடும் என்பது உண்மைதான். எனினும் மனம் அமைதியாக இருக்கும்போதும் அழுத்தம் 140/90-க்கு மேலேயே நின்று, எந்த அறிகுறியும் காட்டாமல், பக்கவாதத்திலோ சிறுநீரகச் செயலிழப்பிலோ கொண்டுபோய் விடலாம்.

ஹைப்பருக்கு நேர் எதிர், கீழ், குறைவு என்று பொருள்படும் ஹைப்போ. ஓசையில் இவை நெருங்கியிருப்பதால் வரும் குழப்பத்தைத் தைராய்டு நோயாளிகளிடம் மிகுதியாகக் காண்கிறேன். பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். 'ஹை' என்று தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்தவுடன், தமக்கு ஹைப்பர் தைராய்டு என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் உண்மை இதற்கு நேர்மாறானது. டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டுவதற்காக மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன். தைராய்டு சோர்ந்து குறைவாகச் சுரக்கும்போது பிட்யூட்டரி அதை மேலும் மேலும் தூண்டுவதால் டி.எஸ்.எச். உயர்கிறது, நோயின் பெயர் ஹைப்போ தைராய்டு ஆகிறது. 'அக்காவுக்கும் தைராய்டு, எனக்கும் தைராய்டு' என்று வீட்டுக்குள் மாத்திரையைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் எனக்கு உண்மையிலேயே அச்சம் தருகிறது. ஹைப்போவுக்குத் தரப்படும் லிவோதைராக்சினை ஹைப்பர் உள்ளவர் விழுங்கினால், ஏற்கெனவே வேகமாகத் துடிக்கும் இதயம் இன்னும் வேகமெடுக்கும், தாளமும் தவறலாம்.

அக்யூட், கிரானிக் என்ற இரண்டையும் 'மோசமான' என்பதன் இணைச்சொற்களாகவே பலர் வாசிக்கிறார்கள். அக்யூட் என்பது கூர்மையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்து, மருத்துவத்தில் திடீரெனத் தொடங்கியதைச் சுட்டுகிறது; சில நாளில் ஆறிவிடும் தொண்டை அழற்சிக்கும் அக்யூட் என்றுதான் எழுதுகிறோம். கிரானிக் என்பதன் வேர், காலத்தைக் குறிக்கும் 'க்ரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல். கிரானிக் கிட்னி டிசீஸ் என்று படித்தவுடன், இனி டயாலிசிஸ்தான் என்று குடும்பமே இடிந்துபோகிறது. சிறுநீரகப் பாதிப்பு 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கிறது என்பதை மட்டுமே அந்தப் பெயர் சொல்கிறது. முதல் நிலையில் இருப்பவருக்கும் ஐந்தாம் நிலையில் இருப்பவருக்கும் அதே பெயர்தான். பயப்பட வேண்டுமா என்பதை அறிய, அதே தாளில் எழுதியிருக்கும் நிலை எண்ணையும், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் இருக்கும் அளவையும் சிறுநீரில் வெளியேறும் புரதத்தின் அளவையும் மருத்துவரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.